கண்வலிக்கிழங்கும் எங்கள் வாசல் கல்மேடும்

மூலனூர்ப் பக்கத்து ஆட்களிடம் போய் செங்காந்தள் என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். கண்வலிக்கிழங்கு என்றால் உடனே "விதை இப்ப என்ன வெலைங்க போகுது?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது பூ என்பதே இரண்டாம் பட்சம், முதலில் வெள்ளாமை. கம்பிப் பந்தல் போட்டு, கிழங்கு ஊன்றி, ஐப்பசி கார்த்திகையில் விடியக்காலம் எழுந்துபோய் ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டு வைத்து, தை மாசியில் காயைப் பறித்து உலர்த்தி விதை எடுக்கிற சமாச்சாரம். சில வருஷம் கிலோ ஆயிரத்தைத் தாண்டிப் போகும், சில வருஷம் ஆள் கூலிக்கே கட்டாது. அப்படிப்பட்டதை வீட்டு வாசலில் கல் மேல் படரவிட்டு அழகு பார்க்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் என் பெரிய மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏன் அம்மிணி, நாங்க பொழப்புக்கு வெக்கறத நீ பொழுதுபோக்குக்கு வெக்கறயாக்கும்?"

எனக்கு இந்தப் பூ மேல் ஆசை வந்தது பந்தலில் பார்த்து அல்ல. சின்ன வயதில் இட்டேரி வழியாக, அதாவது இரண்டு பக்கமும் வேலி நிற்கிற வண்டிப்பாதை வழியாக, பள்ளிக்கூடம் போகும்போது கொரங்காட்டு (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியில் தானாக ஏறிக் கிடக்கும். மழை பெய்து பத்து இருபது நாளில் எங்கிருந்தோ ஒரு கொடி கிளம்பி, முள்ளுக்குள் புகுந்து வெளியே வந்து, தீப்பிடித்த மாதிரி நாலு பூ. பறித்தால் கண்ணு வலி வரும் என்று ஆத்தா மிரட்டி வைத்திருந்தாள். அந்தப் பேர் எதனால் வந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை இருக்கிறது, அதை விடுங்கள்.

காங்கயத்துக்கு வெளியே நாங்கள் வீடு கட்டியபோது அஸ்திவாரம் தோண்டிய கல்லெல்லாம் வாசலின் மேற்கு ஓரத்தில் குவிந்து கிடந்தது. பாதி வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல், மீதி கரட்டுக் கல்லும் சுண்ணாம்பு கலந்த சுக்கான்கல்லும். அள்ளிக்கொண்டு போக டிராக்டருக்கு இரண்டாயிரம் கேட்டார்கள். அதைக் கொடுக்க மனசில்லாமல்தான் கல் தோட்டம் என்ற யோசனையே வந்தது, இதில் கலை ரசனை என்று பெரிதாக எதுவும் இல்லை.

முதல் வருஷம், அதாவது 2018 ஆனியில், மாமாவிடம் 14 கிழங்கு வாங்கி வந்தேன். கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு குழி எடுத்து, ஏரி வண்டல் போட்டு, நல்ல எருவாகப் போட்டு, கத்தரிக்கும் மல்லிகைக்கும் செய்கிற அத்தனை மரியாதையும் செய்து, சொட்டுநீர்க் குழாயையும் இழுத்து வைத்தேன். இருபத்தைந்து நாளில் ஆறு முளை வந்தது. அதில் மூன்று ஒரு சாண் உயரம் வந்ததும் அடியில் பழுத்துச் சாய்ந்தது. பிடித்து இழுத்தேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கொழகொழவென்று, வெள்ளையாகப் பூசணம் பூத்து, ஒரு புளித்த நாற்றத்தோடு கிடக்கிறது. முளைக்காத எட்டும் அதே கதிதான். மீதி மூன்றில் ஒன்று பூத்தது. ஒரே ஒரு கொடி, ஏழு பூ.

மாமாவுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா விட்டே?" தினமும் என்றேன். அதற்கப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சரி, அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இந்தச் செடியின் வாழ்க்கை முழுக்க நம்ம ஊர் மழையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனி ஆடியில் விழிக்கும், ஐப்பசி கார்த்திகையில் பூக்கும், தையில் மஞ்சளாகும், மாசிக்குள் மேலே ஒன்றும் இல்லாமல் காய்ந்து போகும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். தூங்கும்போது தண்ணீர் பட்டால் அழுகும். விழித்திருக்கும்போதும் தண்ணீர் தேங்கினால் அழுகும். அதனால் இதற்குச் சத்தான மண்ணைவிட வடிகிற மண் முக்கியம். வடிகிற மண்ணுக்கு, கல்லை அடுக்கிக் கட்டிய மேட்டைவிட நல்ல இடம் வீட்டில் வேறு எங்கே கிடைக்கும்? காசு கொடுத்துத் தூக்கி எறியப் பார்த்த அந்தக் கல்குவியல்தான் இதற்கு வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிய ஒரு வருஷமும் பதிமூன்று கிழங்கும் செலவானது.

அடுத்த வைகாசியில் மேட்டைக் கட்டினோம். 12 அடி நீளம், 5 அடி அகலம், மேற்குப் பக்கம் இரண்டரை அடி உயரம், கிழக்கே சரிந்து தரையோடு தரையாக முடியும். மேற்கை உயர்த்தியது காற்றுக்காக. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தாராபுரம், உடுமலை ரோட்டில் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இளங்கொடி முளைத்து ஒரு முழம் வருகிற நேரமும் அந்தக் காற்றும் ஒன்றாக வரும். பந்தலில் ஏற்றினால் ஆடி ஆடியே தண்டு ஒடியும். கல்லுக்குக் கிழக்கே தாழ்வாகப் படர்ந்தால் காற்று தலைக்கு மேலேயே போய்விடும். வெள்ளாமைக்காரர்கள் பந்தல் போடுவது காயை எட்டிப் பறிக்கவும் பூவைத் தொட்டு மகரந்தம் வைக்கவும்தான். நமக்கு அந்த அவசியம் இல்லையே.

கல்லை மேலே சும்மா வைக்காதீர்கள். ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், முகம் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் கல் மேல் வழிந்து பின்னால் மண்ணுக்குள் இறங்கும். நேராக வைத்த இரண்டு கல் முதல் மழையிலேயே உருண்டு வந்து கார் கதவில் இடித்ததும் நடந்தது. கல்லுக்கு நடுவில் நிரப்பியது இரண்டு கூடை செம்மண்ணுக்கு ஒரு கூடை சரளை, ஒரு கூடை மக்கி உதிர்ந்த எரு. எருவில் ட்ரைக்கோடெர்மா விரிடி பொடியை (அழுகல் பூசணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணம்) கலந்து பத்து நாள் நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்து அப்புறம்தான் போட்டேன். மாமா கிழங்கைப் பூஞ்சாண மருந்துக் கரைசலில் அரை மணி நேரம் முக்கி எடுத்துத்தான் நடுவார், வீட்டுக்கு எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. இதுவரை இந்தப் பொடியே போதுமாக இருக்கிறது.

சுக்கான்கல்லை மட்டும் அப்புறம் பிடுங்கி எடுத்துவிட்டேன். அது இருந்த மூலையில் வந்த கொடியில் தளிரெல்லாம் மஞ்சளாக வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் போர்த்தண்ணீர் ஏற்கெனவே சப்பை, அதாவது உப்புத்தண்ணீர், அதோடு சுண்ணாம்பும் சேர்ந்தால் செடிக்கு இரும்புச்சத்து ஏறாது. கல்லை எடுத்து, அந்த மூலைக்கு மட்டும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினேன், அடுத்த வருஷம் சரியாக வந்தது. வெங்கச்சங்கல்லால் அப்படி எந்தத் தொந்தரவும் இல்லை, அந்த வெள்ளையில் பூ சிவப்பாக விழுந்து கிடக்கும்போது தனி அழகு.

கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தப்பு நடப்பதெல்லாம் இங்கேதான். கலப்பை மாதிரி இரண்டு கை விரிந்த கிழங்கு, அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்றும் பேர். வெளித்தோல் தவிட்டு நிறம், உள்ளே பால் வெள்ளை. முளை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கையின் நடுவிலோ மேலோ இருக்காது, ஒவ்வொரு கையின் நுனியில் மட்டும் ஒரு சின்ன வெளிறிய மூக்கு மாதிரி இருக்கும். உருளைக்கிழங்கு மாதிரி எங்கே வெட்டினாலும் கண் இருக்கும் என்று நினைத்தால் போச்சு. அந்த மூக்கு ஒடிந்தால் அந்தக் கை வெறும் மாவு. கிழங்கு வேறு வெள்ளரிக்காய் மாதிரி படக்கென்று ஒடியும். மாமா கொடுத்தனுப்பியதை முதல் வருஷம் பஸ்ஸில் மடியில் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்ததில் எத்தனை மூக்கு போனதோ, முளைக்காத எட்டில் பாதிக்கு அதுவும் காரணமாக இருக்கும். இப்போது மரத்தூள் போட்ட அட்டைப்பெட்டியில்தான் எடுத்துவருகிறேன்.

எடையும் பார்க்க வேண்டும். 50, 60 கிராம் இருந்தால் அந்த வருஷமே பூக்கும். விரல் மாதிரி மெலிந்த கிழங்கு கொடி மட்டும் விட்டு, உள்ளே அடுத்த வருஷத்துக்குக் கிழங்கு கட்டிக்கொண்டு போய்விடும். விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வளர்க்கலாம், மூன்று நாலு வருஷம் பொறுமை இருந்தால். மலையில் காட்டில் பார்த்தேன் என்று தோண்டி எடுத்து வராதீர்கள். ஏற்கெனவே மருந்துக்கு என்று தோண்டித் தோண்டி அங்கே அருகிப்போய்விட்டது. பயிர் செய்பவர்களிடம் கேட்டால் பத்துக் கிழங்கு சும்மாவே கொடுப்பார்கள்.

நடும்போது படுக்கை வசமாக, ஆறு அங்குல ஆழத்தில், இரண்டு மூக்கும் எங்கும் முட்டாமல். கல் இடுக்கில் வைக்கும்போது மூக்கு கல்லைப் பார்த்து இருந்தால் முளை சுற்றிக்கொண்டு வரத் தெரியாமல் உள்ளேயே வளைந்து நின்றுவிடும், இரண்டு முறை பார்த்துவிட்டேன். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி. நட்டதும் ஒரு தண்ணீர், அப்புறம் முளை தெரியும்வரை மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு அங்குலத்துக்குக் கீழேயும் காய்ந்திருந்தால் மட்டும். பூக்கும் காலத்தில் மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை நன்றாக. தை பிறந்ததும் குழாயையே கழற்றி வைத்துவிட வேண்டும். இதுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டமான வேலை, வாடுகிற செடியைப் பார்த்தால் கை தானாகக் குடத்துக்குப் போகிறது.

கொடி கல்லில் ஏறாது. இதை யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். இதன் பிடி இலை நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு இலையும் கூராக முடிந்து அந்தக் கூர் தேள் கொடுக்கு மாதிரி சுருண்டு, மெல்லிசாக எது கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும். பென்சில் தடிமனுக்கு மேல் இருந்தால் அதற்குப் பிடிபடாது. பிளாஸ்டிக் குழாய் நட்டேன், வழுக்கிக்கொண்டு கீழே கிடந்தது. பிறகு கொரங்காட்டிலிருந்து கொழுக்கட்டைப்புல் நாலு தூர் கொண்டுவந்து கல்லுக்கு நடுவில் வைத்தேன், காய்ந்த கிளுவைக் கிளையும் அங்கங்கே சாய்த்துப் போட்டேன். புல் தாளை இலைநுனி சுற்றிக்கொண்டு, ஒரு கொடியை இன்னொரு கொடி பிடித்துக்கொண்டு, பத்தடி வரை கல் மேலே மிதக்கிற மாதிரி வந்துவிட்டது. இட்டேரியில் பார்த்தது ஏறக்குறைய அப்படியே. ஆனால் புல்லை வருஷம் ஒருமுறை அடக்கவில்லை என்றால் மேட்டையே பிடித்துக்கொள்ளும்.

பூவை ஒரு வாரம் விடாமல் பார்க்க வேண்டும். மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்னால் மடங்கி வானத்தைப் பார்த்து நிற்கும், ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளி நெளியாக. முதல் நாள் மஞ்சளும் பச்சையும்தான் அதிகம், நுனியில் மட்டும் சிவப்பு. நாளுக்கு நாள் சிவப்பு கீழே இறங்கி, கடைசியில் பூ முழுக்க ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் நாலு வயசுப் பூ நாலு நிறத்தில் இருக்கும். மகரந்தத்தாள் ஆறும் வட்டமாக விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த மாதிரி. அதனால்தான் தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால்தான் மாமா காட்டில் பெண்கள் காலை ஆறு மணிக்கே இறங்கி வெயில் ஏறுவதற்குள் பூவுக்குப் பூ தொட்டு வைப்பது.

புழு வரும். கருப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த, பார்க்க லட்சணமான புழு, இரண்டு ராத்திரியில் ஒரு கொடியை நரம்பாக்கிவிடும். எங்கள் வீட்டில் அது பின்னால் இருந்த விஷமூங்கில் செடியிலிருந்துதான் வந்தது, அந்த வகை லில்லிகளிலும் இதே புழு இருக்கும். செடியை எடுத்துத் தூரப் போட்டேன், இப்போது வருவதைக் காலையில் குச்சியால் தட்டி சோப்புத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. மயில்தான் பெரிய எதிரி. எங்கள் பக்கம் கோழியைவிட மயில் அதிகம், புதுமண்ணைக் கண்டால் புழுதி குளிக்க வந்துவிடும். முளை நுனியைக் கொத்தி ஒடித்தால் அந்தக் கைக்கு அந்த வருஷம் அவ்வளவுதான், பக்கத்தில் கிளைத்து வராது. முளை ஒரு முழம் வரும்வரை சீமைக்கருவேல முள்ளை மேலே கவிழ்த்து வைக்கிறேன்.

2021 ஐப்பசி கார்த்திகையில் விடாமல் மழை. தண்ணீர் வாசலில் நாலு நாள் நின்றது. அந்த வருஷம் சோதனைக்கு என்று தரையில் நட்டிருந்த ஐந்தும் அழுகின. மேட்டில் இருந்த 16இல் ஒன்றுதான் போனது, அதுவும் கடைசிக் கீழ் வரிசை.

இப்போது முக்கியமான விஷயம். இதை நான் ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இந்தச் செடி வேர் முதல் விதை வரை விஷம். கோல்சிசின் என்கிற சத்து இதில் இருக்கிறது, அதைப் பிரித்து எடுத்து அளவாகக் கொடுத்தால் கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு மருந்து, விதையில்லாத் தர்பூசணி உருவாக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால்தான் விதைக்கு அந்த விலை. செடியைத் தின்றால் உயிரே போகலாம்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் கிழங்கைப் பிரிக்க எடுத்து, கழுவி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணித் திண்ணையில் முறத்தில் காயப்போட்டிருந்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரரின் சித்தி வந்திருந்தார்கள், ஈரோட்டுப் பக்கம், வாய்க்கால் பாசனத்து ஊர், நெல்லும் மஞ்சளும்தான் பழக்கம், இந்தக் கிழங்கைக் கண்ணால் கண்டதில்லை. நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அடுப்பில் இட்லிப் பாத்திரம், பக்கத்தில் தட்டில் ஆறு கிழங்கு, இரண்டு தோல் சீவி. "வள்ளிக்கெழங்காட்ட இருந்துச்சு அம்மிணி, பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வேகவெச்சுக் குடுக்கலாம்னு" என்கிறார்கள் சித்தி. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அவர்கள் கையை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவவைத்து, கத்தியையும் தட்டையும் குப்பையில் போட்டேன். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முறத்தில் கழுவிக் காயப்போட்ட கிழங்கைப் பார்த்தால் யாருக்கும் சமையலுக்கு என்றுதானே தோன்றும்.

அன்றிலிருந்து கிழங்கைக் கழுவுவதே இல்லை. மண்ணோடு மரத்தூளில் போட்டு, பழைய உரச்சாக்கில் கட்டி, சிவப்பு பெயிண்டில் விஷம் என்று எழுதி, வண்டி செட்டில் உத்தரத்தில் தொங்கவிடுகிறேன். தொடும்போது கையுறை. சமையல் பாத்திரம், முறம், கூடை எதுவும் இதற்குக் கிடையாது. காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணி மணியாக விதை இருக்கும், பிள்ளைகள் வாயில் போடத் தோன்றுகிற நிறம். அதனால் காய் பிடித்தால் பச்சையிலேயே நறுக்கி எடுத்துவிடுகிறேன். காய்ந்த கொடியை ஆடு மாட்டுக்குப் போடாமல் தனியாகப் புதைக்கிறேன். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, தெரியும்போது உள்ளே வேலை நடந்திருக்கும். மீதிக் கிழங்கையோ செடியையோ ஒரு துண்டு கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிப்பதும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும். கொடி காய்ந்து மறைந்துவிட்டால் கிழங்கு எங்கே என்று தெரியாது, நான் கடப்பாரையை நேராக ஒன்றின் நடுவில் இறக்கியிருக்கிறேன். இப்போது கொடி நிற்கும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கூழாங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுகிறேன். பங்குனியில் கடப்பாரை கிடையாது, களைக்கொத்தால் ஓரம் தளர்த்திவிட்டுக் கையால்தான் சரளையைக் கிளறுவேன். பழைய கிழங்கு காற்றுப் போன பலூன் மாதிரி வெறும் தோலாகச் சுருங்கிக் கிடக்கும், அதை ஒட்டிப் புதுசு கனமாக, குளிர்ச்சியாகக் கைக்கு அகப்படும்.

போன கார்த்திகையில் மாமா வந்திருந்தார். முட்டி வலி, இப்போது காடு குத்தகைக்கு விட்டுவிட்டார். டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்த் திரும்பினால், மேட்டின் ஓரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி அடுத்த பூவின் சூல்முடியில் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். ஐந்தாறு பூ முடித்திருந்தார். "மாமா, நான் காயே விடறதில்லைங்க, நறுக்கிப் போட்ருவேன்" என்றேன். "அதுக்கென்ன அம்மிணி, கை சும்மா இருக்க மாட்டீங்குது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பூவுக்குக் கையை நீட்டினார்.